குரங்கு பயப்படும்படியாக ஒரு துப்பாக்கி

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாவது வரைக்கும் படித்தவள். அந்த நாலாவதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன். ஒரு வரி எழுதி அடுத்த வரிக்குப் போவதற்குள் முந்தின வரியில் என்ன சொன்னேன் என்பது மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். கூச்சப்படுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தப்பு. நாங்கள் வாயைத் திறக்காமலே சொல்லுவோம். தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். (பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவள் நான். என் கூச்சம் எவ்வளவு என்று இதிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.) அப்படி ஒரு தடவை தலையை ஆட்டி, நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் மகன் மாதேசுக்கு அப்போது முப்பத்தி நாலு வயது. மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர். முக்காலில் தக்காளி, மீதியில் பத்துப் பன்னிரண்டு மாமரம். பிள்ளை நல்ல பிள்ளை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் பெண் வீட்டுக்காரர்கள், "மாப்பிள்ள என்னா பண்றாருங்க?" என்று கேட்பார்கள். "வெவசாயங்க" என்போம். மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்துவிடும். இப்படி ஏழு ஜாதகம். ஏழு பெண்களுக்கும் வேறு வேறு நட்சத்திரம். எங்கள் தக்காளி எந்த நட்சத்திரத்தில் பிறந்ததோ, ஒருத்தருக்கும் பொருந்தவில்லை.

எட்டாவதாக மாரண்டஹள்ளியில் இருந்து ஒரு இடம் வந்தது. அவர்களும் காய்கறி போடுகிறவர்கள்தான். விவசாயம் என்றதும் முகத்தைச் சுளிக்காமல், "சொட்டு நீரு போட்டிருக்கறீங்களா?" என்று கேட்ட முதல் ஆள் அந்தப் பெண்ணின் அப்பாதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கெழம வூடு பாக்க வரோங்க" என்றார்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கிற மாதிரியே வீடு பார்க்கிறது என்று ஒன்று உண்டு. பெண் வீட்டார் வந்து வீடு, கிணறு, மாடு, கொல்லை எல்லாம் சுற்றிப் பார்த்து, சம்மதம் என்று கை நனைத்துச் சாப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இந்த இடமும் போனால் மாதேசுக்கு இனி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். "போனாப் போவுதும்மா" என்று சொல்லிக்கொண்டே, ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறவன் அவன்.

எல்லாம் சரிதான். நடுவில் குரங்கு இருந்தது.

எங்கிருந்தோ வந்த கூட்டம், இருபது முப்பது உருப்படி. தக்காளியை முழுசாகத் தின்றாலாவது பசி என்று விட்டுவிடலாம். ஒரு கடி, ஒரு வீச்சு. அடுத்த பழம், ஒரு கடி, ஒரு வீச்சு. ருசி பார்க்க வந்த சம்பந்தி போல ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடிக்கும். மாதேஸ் பட்டாசு வெடித்துப் பார்த்தான். முதல் நாள் ஓடின. இரண்டாம் நாள் காதைப் பொத்தின. மூன்றாம் நாள் பெரிய கடுவன் ஒன்று வந்து, வெடித்த காகிதத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அவனிடமே எறிந்தது.

அப்போதுதான் கோவிந்தம்மா வந்தாள். என் கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி. பக்கத்து வீடு. எனக்கு வர வேண்டிய பேச்சையும் சேர்த்து அவளுக்கே சாமி கொடுத்துவிட்டது.

"எக்கா, எங்கண்ணன் ஊர்ல ஏர்கன்னு ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க. சுடவே வேணாம். தூக்கிக் காட்டுனாப் போதும், கொரங்கு அந்த ஜில்லாவுலயே நிக்காது."

"துப்பாக்கியாடி? போலீசு புடிக்காதா?"

"அது காத்துத் துப்பாக்கி எக்கா. சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி. போலீசு எதுக்கு வருது?"

ஒரு கிடாக்குட்டி விற்ற ஐயாயிரம் ரூபாய் என் சுருக்குப் பையில் இருந்தது. மாதேசிடம் சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு (இதுவும் தலையாட்டல்தான், கோவிந்தம்மா சொன்னாள், நான் ஆட்டினேன்) வியாழக்கிழமை காலை மொரப்பூரில் ரயில் ஏறினோம்.

சேலத்தில் துப்பாக்கிக் கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். அடுத்த கடைக்குப் பாத்திரம் வாங்க வந்தவர்கள் வழி தவறிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

"ஏர்கன் வேணுங்க" என்றாள் கோவிந்தம்மா.

"யாருக்கும்மா?"

"எங்கக்காவுக்கு."

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூவாயிரத்து ஐந்நூறில் இருந்து முப்பதாயிரம் வரைக்கும் இருக்கிறது என்றார். இது ரகம் இது தூரம் என்று என்னென்னவோ விளக்கினார். ஒன்றின் மேல் பைனாகுலர் மாதிரி ஒரு குழாய் இருந்தது. அதைக் கேட்டால் விலை பதினெட்டாயிரம். நான் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டேன். மேலே பட்டு உடைந்தால் யார் கொடுக்கிறது?

"எங்ககிட்ட ஐயாயிரந்தான் இருக்குதுங்க. அதுக்குள்ள, கொரங்கு பாத்தா எது ரொம்ப பயப்படும்?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "கொரங்குக்கா? அம்மா, கொரங்கு மேல சுட்டா கேசு. மயில் மேல சுட்டாலும் கேசு. உள்ள போட்டுடுவாங்க."

"சுடறதுக்கு இல்லீங்க. காட்றதுக்கு."

"காட்றதுக்குன்னா?"

"இப்படி வாங்களேன்" என்று சொல்லிவிட்டு, என் ஓரகத்தி அந்தக் கடையின் நடுவில், நாலு பேர் பார்க்க, குத்தவைத்து உட்கார்ந்தாள். "என்னையக் கொரங்குன்னு நெனச்சிக்குங்க. ஒண்ணொண்ணா எடுத்து நீட்டுங்க. எது பயமா இருக்குதுன்னு நானே சொல்றன்."

பாவம் அந்த மனுசன். வியாபாரம் மந்தமான நாள் போலிருக்கிறது, நீட்டினார். முதலில் கறுப்பு பிளாஸ்டிக் பிடி போட்டது. "ம்ஹூம், பயமில்ல, கொடக்கம்பி மாதிரி இருக்குது." அடுத்தது நீளமாக ஒன்று. "இது பரவால்ல." மூன்றாவது மரப்பிடி போட்டது, நாலாயிரத்து இருநூறு. கோவிந்தம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஆத்தாடி!" என்று பின்னால் சாய்ந்தாள். "எக்கா, இதான்!"

நான் கூச்சத்தில் பாதி செத்திருந்தேன். ஆனாலும் மீதிப் பாதி முழித்துக்கொண்டுதான் இருந்தது. காசு என்னுடையது அல்லவா? கிட்டே போய் மரப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மாடு வாங்குவதென்றால் என் கண்தான். மரத்தில் ஒரு முடிச்சு, அதைச் சுற்றி ரேகை சுழன்று இருந்தது. நான் ஓரகத்தியின் காதில் சொன்னேன். அவள் கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள்:

"சுழி சரியில்லையாம். அடிப்பக்கம் சுழி இருந்தா குடும்பத்துக்கு ஆவாதாம். வேற குடுங்க."

"சுழியா? இது மரங்கம்மா!"

"மாடாயிருந்தா என்னா, மரமாயிருந்தா என்னா? சுழி சுழிதானுங்களே."

அவர் உள்ளே போய் அதே விலையில் மூன்று எடுத்து வந்தார். மூன்றாவதில் சுழி இடது பக்கம் ஏறியிருந்தது, நல்ல சுழி. அதை எடுத்துக்கொண்டேன். அந்தத் துப்பாக்கியைக் குழாய் நடுவில் மடக்கி நிமிர்த்தினால்தான் காற்று ஏறும். "மடக்கிப் பாருங்கம்மா" என்றார். மடக்கினேன். அது மடங்கவில்லை, நான்தான் மடங்கினேன். சுழி சரியில்லை என்று ஒதுக்கிய துப்பாக்கி சுலபமாக மடங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் எங்களுக்குத்தான் சுட வேண்டியதில்லையே? ஆதார் கார்டைக் காட்டி, ஒரு டப்பா ஈயக் குண்டும் வாங்கி, பழைய சேலையில் சுற்றிக்கொண்டு வந்தோம். ரயிலில் ஒருத்தர், "என்னா ஆத்தா அது, நீளமா?" என்று கேட்டார். கோவிந்தம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கக்காவுக்கு இடுப்பு வலி, ஊனுகோலு" என்றாள். நான் மொரப்பூர் வரைக்கும் நொண்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

புதுப் பொருள் எது வாங்கினாலும் சாமி முன்னால் வைக்காமல் எடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. விதை ஆனாலும் சரி, செல்போன் ஆனாலும் சரி. எங்கள் குலசாமி வேடியப்பன். வில்லைப் பிடித்து நிற்கிற நடுகல், ஏரிக்கரையில் இருக்கிறார். வீட்டில் சாமி மூலையில் அவர் போட்டோ. அதன் பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்தினோம். சந்தனம் குங்குமம் வைக்க நான் கோவிந்தம்மாவையே கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு நல்ல காரியத்தில் நான் கை வைப்பதில்லை, முன்னால் நிற்பதும் இல்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். (கூச்சக்காரிக்கு அது ஒரு வசதியாகவும் இருந்தது. வசதி வசதி என்று சொல்லியே பதினோரு வருசம் அடுப்படியில் நின்றுவிட்டேன்.)

அவள் கை தாராளமான கை. பிடிக்கு மூன்று பொட்டு, குழாய்க்கு ஐந்து பொட்டு. கடைசியில் குழாயின் வாயைப் பார்த்து, "வாயில வெக்காம எப்படி?" என்று ஒரு உருண்டை சந்தனத்தை அப்பி, விரலால் அழுத்தி, குங்குமத்தையும் திணித்துவிட்டாள். மேலே ஒரு முழம் கதம்பம். "ஞாயித்துக்கெழம வரைக்கும் சாமிகிட்டயே இருக்கட்டும் எக்கா."

மாதேஸ் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "எம்மா, பொண்ணு வூட்டுக்காரங்க வர நேரத்துல வூட்ல துப்பாக்கி வெப்பாங்களா? நம்பளக் கொள்ளக்கூட்டம்னு நெனக்க மாட்டாங்க?"

"கொரங்குக்குடா."

"எடுத்து ஒளிச்சு வைம்மா!"

சாமிக்கு வைத்ததைச் சொன்ன நாளுக்கு முன்னால் எடுக்கலாமா? அவனுக்கும் தொடப் பயம். துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. அம்மா கையில் மஞ்சப்பை, அதில் பெண்ணின் ஜாதகமும் நாங்கள் கொடுத்தனுப்பிய ஜாதகமும். கூடவே அப்பாவின் அக்கா. அந்த அம்மாளும் என்னைப் போலத்தான், நெற்றியில் விபூதி மட்டும். அவர் எல்லோருக்கும் பின்னால், ஒதுங்கி ஒதுங்கி வந்தார். ஆனால் எல்லாவற்றையும் பார்த்தார். தக்காளிக் கொல்லையில் அன்றைக்கென்று ஒரு குரங்கு இல்லை. கடித்துப் போட்டதை எல்லாம் விடியற்காலையிலேயே நானும் மாதேசும் பொறுக்கிவிட்டிருந்தோம். கிணறு பிடித்தது. மாடு பிடித்தது. மாதேசின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது. அதைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

"சாமியக் கும்புட்டுக்கறன்" என்று அந்த அக்கா உள்ளே வந்தார். விபூதி எடுக்கக் குனிந்தார். காற்றில் துண்டு நழுவியது.

போட்டோவுக்குப் பக்கத்தில் பொட்டும் பூவுமாக நிற்கிறது துப்பாக்கி. அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "வேட்டைக்கார சாமிங்களா? ஆயுதம் வெச்சுக் கும்புடறீங்களா, வழிவழியா?"

இல்லைங்க, குரங்குக்காகப் போன வியாழக்கிழமை வாங்கினது என்று சொல்லியிருக்கலாம். பத்து வார்த்தை கூட இல்லை. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலை மட்டும் தானாக ஆடியது.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தம்பியைக் கூப்பிட்டார். அவரும் வந்து செருப்பில்லாத காலை ஒருமுறை பார்த்துக்கொண்டு கும்பிட்டார். "பாத்தியா, எப்பேர்ப்பட்ட குடும்பம்!" என்றார் அக்கா. "இத மனுசங்க கையால தொடக்கூடாதில்லீங்களா?" நான் அதற்கும் ஆட்டினேன். ஆரம்பித்த தலை நிற்குமா?

வாசலில் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். லட்டு, மிச்சர், வாழைப்பழம். கை நனைக்கப் போகிறார்கள். நான் கதவோரம் நின்று வேடியப்பனை வேண்டிக்கொண்டிருந்தபோது, மேலே இலை அசைந்தது.

ஒரே நிமிசம். பழம் போனது, லட்டு போனது. ஒரு குட்டி, மிச்சர் தட்டில் உட்கார்ந்துகொண்டே தின்றது. பெரிய கடுவன் இதை எல்லாம் மதிக்கவில்லை. நேராக வந்து நாற்காலியில் இருந்த மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு, தாழ்ந்த கொம்பில் போய் உட்கார்ந்து, அதிகாரி மாதிரி உள்ளே இருந்த காகிதங்களைப் பிரித்தது.

"ஜாதகம்! ஐயோ ஜாதகம்!" என்று பெண்ணின் அம்மா கத்தினார். மாதேஸ் கல்லை எடுத்தான். "கல்லு வீசாதப்பா, ஆஞ்சநேயரு!" என்று அந்த அக்கா தடுத்தார். பெண்ணின் அப்பா கீழே சிதறிக் கிடந்த ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டிக்கொண்டு கொம்புக்கு அடியில் நின்று, "சாமி, குடுத்துரு சாமி, எம்பொண்ணு வாழ்க்க சாமி" என்று கெஞ்சினார். கடுவன் ஒரு காகிதத்தின் மூலையைக் கடித்து மென்றது.

"எக்கா, அத எடு!" என்றாள் கோவிந்தம்மா என் காதில்.

"சாமிக்கு வச்சதுடி. தொடக்கூடாதுன்னு இப்பத்தான..."

"சாமியே எடுத்துக் குடுத்துச்சின்னு நெனச்சிக்க!"

மாதேஸ் கையில் கல்லோடு நின்றான். போடவும் முடியவில்லை, வீசவும் முடியவில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நான் உள்ளே போனேன். கதம்பத்தோடு துப்பாக்கியைத் தூக்கினேன். சேலத்தில் மடங்காத குழாய், முருங்கைக் கொம்பு மாதிரி மடங்கியது. வாசலில் வந்து நின்றேன்.

குண்டு போடவில்லை. குண்டு டப்பா அரிசிப் பானைக்குள் பிரிக்காமல் இருந்தது. காட்டத்தான் போனேன். கடுவன் என்னைப் பார்த்தது. துப்பாக்கியைப் பார்த்தது. பூவைப் பார்த்தது. பயப்படவே இல்லை. (கோவிந்தம்மாவை வைத்துக் குரங்குக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும்.) நான் கொம்புக்கு நேராகத்தான் நீட்டினேன். கனம் தாங்காமல் அதன் மூக்கு தாழ்ந்தது, தாழாமல் பிடிக்கப் போன விரல் எதன் மேலோ பட்டது.

'டப்'பென்று ஒரு சத்தம். சந்தனமும் குங்குமமும் ஒரே உருண்டையாகப் போய், பெண்ணின் அப்பாவின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சின் நடுவில் வெடித்தது.

அவர் குனிந்து பார்த்தார். சிவப்பு. "சுட்டுட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தேடி, கிடைக்காமல், தரையில் உட்கார்ந்தார். பெண்ணின் அம்மா போட்ட கூச்சலில்தான் குரங்கு பயந்தது. பையைப் போட்டுவிட்டு, கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு ஓடியது.

அவர் நெஞ்சைத் தொட்டு, விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். "சந்தன வாசன வருது?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய குற்றம் துப்பாக்கி அல்ல. சம்பந்தம் பேச வந்த மனுசன் மேல், தாலி அறுத்தவள் கையால் சந்தனமும் குங்குமமும். அபசகுனம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மாதேஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தத் துப்பாக்கிக் குழாய்க்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்த அக்கா பின்னாலிருந்து முன்னால் வந்தார். தம்பியின் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"டேய் தம்பி, எந்திரிடா. எங்கள மாதிரி பொம்பளைங்க சந்தனக் கிண்ணத்த நீட்டுனா ஒரு பய கை நீட்டி வாங்க மாட்டான். இந்த அண்ணி பாரு, கேக்கவே இல்ல. நேரா நெஞ்சுல குடுத்துட்டாங்க. சந்தனம் வாங்கியாச்சு, பூ வெக்கிற தேதியச் சொல்லு."

அவர் உட்கார்ந்தபடியே விரலில் இருந்ததை நெற்றியில் இழுத்துக்கொண்டார். "ஜாதகம்?" என்றார். ஒன்று முழுசாக இருந்தது. மாதேசுடையதில் ஒரு மூலையைக் காணோம். குரங்கு தின்றது எந்தக் கட்டம் என்று இன்றுவரை ஒருத்தரும் ஜோசியரிடம் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. என் மருமகள் தங்கம். குரங்குகள் இன்னும் வருகின்றன, மருமகள் ஒரு அதட்டு அதட்டினால் போய்விடுகின்றன. துப்பாக்கி சாமி மூலையிலேயே நின்றுவிட்டது. வருசா வருசம் வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கும்போது சம்பந்தி அதற்கென்று தனியாக ஒரு முழம் பூ வாங்கி வருகிறார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க அந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் மாட்டேன் என்றேன். விடவில்லை. இரண்டு பேரும் நின்றோம். முதலில் வந்தவர்கள் தயங்கினார்கள். சம்பந்தி ஓடி வந்து, எல்லோருக்கும் முன்னால், "சீக்கிரம் வாங்கிக்குங்க, இல்லன்னா சுட்டுரும்!" என்றார். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேசம் வந்தாலும் சந்தனக் கிண்ணம் எங்கள் கையில்தான். வருகிறவன் ஒவ்வொருத்தனும் நெஞ்சைக் கையால் மறைத்துக்கொண்டுதான் நெற்றியை நீட்டுகிறான்.

நான் எழுதியதில் தப்பு நிறைய இருக்கும். வந்தவர்கள் மூன்று பேரா நாலு பேரா, துப்பாக்கி நாலாயிரத்து இருநூறா முந்நூறா, நிச்சயமாகத் தெரியவில்லை. யாராவது விசாரித்துச் சரிபார்த்துத் திருத்தி எழுதுங்கள். கோவிந்தம்மாவையும் கேளுங்கள், அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் அன்றைக்குச் சுட்டது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை மட்டும் எழுதிவிடாதீர்கள். சுட்டது நான்.